தையல் டீச்சர் நடத்திய கணக்கு

அந்த வருஷங்களில் நான் காலையில் முழுதாக விழித்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் தொழிற்சாலையின் முதல் சங்கு ஊதியதும் வீடு வீடாகச் சைக்கிள்கள் இறங்கும். அப்பாவும் அவற்றில் ஒன்றில் போவார். நூற்றுக்கணக்கான செயின்கள் ஒரே நேரத்தில் சுற்றும் ஓசை தெரு முனை வரை போய் மறையும். பிறகு வேப்பமரக் காக்கைகள் மட்டும் இருக்கும். அந்த அமைதிக்குள்தான் நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். பாதி கனவு கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண்பதுகளின் பின்பாதி. நான் அப்போது இருபத்தாறு வயதுப் பெண். இயற்பியலும் பிறகு கல்வியியலும் படித்துவிட்டு, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். துறைத் தலைவர் ஓர் அம்மையார், கணிதம் படித்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் குரல் மிகவும் மெல்லியது, மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. ஆனால் பிடிவாதம் அதிகம். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் அழைப்போம்.

மேடத்துக்கு அப்போது ஒரே கவலை. பள்ளிகள் பெருகிக்கொண்டே போயின. கணக்கும் அறிவியலும் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர்கள் பெருகவில்லை. காலியான இடத்தில் யார் கிடைத்தாரோ அவரை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி கொடுக்க வேண்டும், பல்கலைக்கழகம் நடத்தித் தரும், அரசு அனுமதியும் நிதியும் தந்தால் போதும் என்று மூன்று முறை எழுதிவிட்டார். மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வந்தது.

"கோப்புக்கு எழுதிப் பாத்தாச்சு. இனிமே ஓட்டு வாங்கினவங்ககிட்ட நேரா போவோம்" என்றார் ஒருநாள். "அவங்க கேட்டா சபையில பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா வெறும் கருத்த எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது. வகுப்புல என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வந்து எழுது. உன் ஊர்ப் பக்கமே ஆரம்பி."

இப்படித்தான் நான் என் ஊரையே புதிதாகப் பார்க்கத் தொடங்கினேன். மழை விட்டு ஏரிகள் நிரம்பியிருந்த மாதங்கள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் பஸ் போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் தண்ணீர் மின்னும். ஒரு பள்ளியில் அறிவியல் சாமான்கள் வந்த பெட்டிகள் ஆணி பிடுங்கப்படாமல் கிடந்தன. பிரித்து வைக்கத் தெரிந்தவர் இல்லை. இன்னொன்றில் வரலாற்று ஆசிரியர் வேதியியல் சமன்பாடுகளை ராஜ வம்சங்களைப் போல மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்தார். குத்தம்பாக்கம் பக்கம் போய்த் திரும்பிய ஒரு மத்தியானம், ஓடும் பஸ்ஸில் தூங்கிப்போய், பூந்தமல்லியில் எல்லோரும் இறங்கிய பிறகு நடத்துநர் தட்டி எழுப்பினார். மடியில் நோட்டு திறந்தே இருந்தது. அதில் நான் எழுதியிருந்த கடைசி வரியின் பாதி கோணலாக இறங்கி ஓரத்தில் நின்றிருந்தது.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு பெண்கள் பள்ளி இருந்தது. அங்கேதான் அந்த டீச்சரைப் பார்த்தேன்.

அவர் தையல் ஆசிரியை. நாற்பதை நெருங்கியவர். கணக்கு டீச்சர் பதவி உயர்வில் போய்விட, "ஒரு மாசம் பாத்துக்கம்மா, புது ஆள் வந்துடுவாங்க" என்று சொல்லி எட்டாம் வகுப்புக் கணக்கை இவரிடம் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷமாகப் புது ஆள் வரவில்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனித்தேன். கையில் கைடு. கரும்பலகையில் அழகான எழுத்து. ஒரு வரி விடாமல் கைடில் இருந்ததெல்லாம் பலகைக்குப் போனது, பலகையிலிருந்து நோட்டுகளுக்குப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தில் வியர்வை அரும்பியிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மதியம் அவரே என்னைக் கூப்பிட்டார். பள்ளியின் பின்பக்கக் கதவைத் திறந்தால் ஏரிக்கரை. ஒரு கல்லில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். நீர்க்கோழிகள் தூரத்தில் கரும்புள்ளிகளாக மிதந்தன. வெயில் தண்ணீரில் பட்டு எங்கள் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி இடத்தில் யாரும் மனதைத் திறந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

"நீங்க பாத்தீங்களே, நல்லா நடத்தறேனா?" என்று கேட்டார்.

நான் வாயிலிருந்த சாதத்தை விழுங்குவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ப்ளஸ்னு போட்டிருக்கு. போன ஜூன்ல ஒரு பொண்ணு எழுந்து ஏன் டீச்சர்னு கேட்டா. அது ரூல்னு சொன்னேன். மறுநாளும் கேட்டா. ரூல்தான்னேன். மூணாவது நாளும் கேட்டா. ஸ்கேலால அடிச்சிட்டேன்." கையிலிருந்த சாதத்தை டப்பாவிலேயே போட்டார். "கையில சிவப்பா கோடு விழுந்துச்சு. அதுக்கப்புறம் அந்த வகுப்புல எவளும் கேள்வி கேக்கறதில்ல."

நான் அவர் தோளைத் தொட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாவது மணி அடித்ததும் எழுந்து கை கழுவினோம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதினேன். எழுதும்போதே தெரிந்தது, நான் சேகரித்த எல்லாவற்றிலும் இந்த ஒரு பக்கம்தான் உயிரோடு இருக்கிறது என்று. அவர் பெயரைப் போடவில்லை. 'பெண்கள் பள்ளித் தையல் ஆசிரியை' என்று மட்டும் எழுதினேன்.

மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இத எழுதலாமான்னு அவங்களக் கேட்டியா?"

"கேட்டேன் மேடம்."

நான் கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குச் சரியாக விளங்கவில்லை. அந்தப் பக்கத்தை இழக்க மனமில்லை, அவ்வளவுதான். பொய் என்று கூட அப்போது தோன்றவில்லை. தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி வாயிலிருந்து வந்துவிட்டது.

மாசி மாதம் நானும் மேடமும் எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ. ஒருவரைப் பார்க்க அம்பத்தூருக்குப் போனோம். அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் இயந்திரம் ஓட்டி, தொழிற்சங்கத்தில் வளர்ந்து, பிறகு தேர்தலில் நின்றவர். காலை ஏழு மணிக்கே வீட்டு வாசல் நிறைய ஆட்கள். பட்டா, தண்ணீர் லாரி, முதியோர் பென்ஷன் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு. எங்கள் கையில் அறிக்கை. எங்கள் முறை வருவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது.

மேடம் தன் மெல்லிய குரலில் கற்பித்தல் திறன், பாட அறிவு, பணியிடைப் பயிற்சி என்று விளக்கத் தொடங்கினார். வெளியே ஆட்டோ சத்தம். எம்.எல்.ஏ. காதைக் கொஞ்சம் முன்னே நீட்டினார், பிறகு விட்டுவிட்டார்.

"இன்னா மேடம், கட்டடம் கேளுங்க, வாங்கித் தர்றேன். பெஞ்சு கேளுங்க, தர்றேன். வாத்தியாருக்கே வாத்தியாரு வோணுமா? அவங்கல்லாம் படிச்சிட்டுத்தான வந்துகீறாங்க?"

மேடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். போய்விடும், இதோ கை நழுவிப் போய்விடும் என்று பட்டது. பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குப் பேசினேன். ஏரிக்கரையில் கேட்டதை அப்படியே சொன்னேன். மூன்று நாள், மூன்று கேள்வி, கையில் விழுந்த கோடு.

எம்.எல்.ஏ. தோள்துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்த டீச்சரு எங்க கீறாங்க?"

"பேர் சொல்லக்கூடாது சார்."

"பேரு வோணாம்மா. அந்தப் பக்கத்த மட்டும் குட்த்துட்டுப் போ."

நான் அறிக்கையிலிருந்து அந்தத் தாளைப் பிரித்துக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சட்டசபையில் கல்வி மானியக் கோரிக்கை வரும் நாளில் பார்வையாளர் மாடத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டு அனுப்பிவைத்திருந்தார். கோட்டைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. மேலே உயரத்தில் விசிறிகள் மெதுவாகச் சுற்றின. யாரோ எண்களை வாசித்தார்கள், யாரோ குறுக்கிட்டார்கள், மணி அடித்தது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பிலேயே எனக்குக் காதுக்குள் அலைச் சத்தம் கேட்பது போலிருந்தது. கண் செருகியது. அப்போது அவர் குரல் கேட்டு நிமிர்ந்தேன்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். 'தையல் ஆசிரியை கணக்கு எடுக்கிறார்' என்றதும் பெஞ்சுகளில் சிரிப்பு. அவர் நிறுத்தவில்லை. ஸ்கேல் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. தாளை மடித்துவிட்டுச் சொன்னார்:

"நான் லேத்து ஓட்டினவன். மொத நாளு மேஸ்திரி ஒரு வேலைய குடுத்தாரு. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா வெளிய அனுப்பிச்சிடுவாங்கன்னு, தெரிஞ்ச ஆளு மாதிரியே நின்னுக்கிட்டிருந்தேன். அந்த வாரம் நான் செஞ்ச பீஸு அத்தனையும் பாழு. இரும்பு பாழாப் போனா உருக்கிக்கலாம். பொண்ணுங்கள இன்னா பண்ணுவீங்க? தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு எடம் வேணும். பல்கலைக்கழகத்துக்காரங்க அந்த எடத்தத்தான் கேக்கறாங்க. குடுங்க."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதிலளித்த அமைச்சர் ஆவன செய்யப்படும் என்றார். வெளியே வந்து வெயிலில் நடந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆவடி வரும்வரை ஒரு நிலையத்தின் பெயரையும் படிக்கவில்லை.

நான்காம் நாள் எனக்கு விஷயம் தெரிந்தது. செய்தித்தாளில் ஒரு மூலையில் சின்னதாகச் செய்தி வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கணக்கு எடுக்கும் தையல் டீச்சர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பள்ளிக்குப் போனேன். அவர் இல்லை. கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்திருப்பதாகவும், அதிலிருந்து லீவில் இருப்பதாகவும் ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். மாணவியை அடித்தது ஏன், துறையைப் பற்றி வெளியாட்களிடம் குறை சொன்னது ஏன் என்று இரண்டு கேள்விகள். சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வீடு கோவில்பதாகையில் இருந்தது. விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி வெயில். ஓட்டு வீட்டின் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கணவர் எஸ்டேட்டில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். கால் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"டீச்சர்…"

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

பள்ளியில் அன்று அவர் அப்படிப் பேசவில்லை. அந்த 'இன்னா' என்னை வாசலிலேயே நிறுத்தியது.

"உங்க பேர் எங்கயும் போடல டீச்சர். நல்லதுக்குன்னு நெனச்சுத்தான்…"

"பேரு போடலன்னா? எங்க ஊட்டுக்காரரு கம்பெனில கேக்கறாங்க, உன் சம்சாரந்தானா அதுன்னு. அந்தப் பொண்ணோட அம்மா வாசல்ல வந்து நின்னாங்க." துணியைத் திருப்பினார். "நீங்க எழுதிக்கினு போறீங்கன்னு எனக்குத் தெரியாதே. நான் உங்ககிட்ட பேசிக்கினு இருந்தேன். அவ்ளோதான்."

ஓரம் அடித்து முடித்து நூலை அறுத்தார். பிறகு, "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவளைச் சும்மா அனுப்பக்கூடாது என்பதற்காகத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். கேட்காமலே கேட்டேன் என்று சொன்னதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நம்ம கோரிக்கைக்கு அவங்க வேணும்னு நெனச்ச. அவங்களுக்கு நாம வேணுமான்னு நெனக்கல" என்றார். "நானும் ரெண்டாவது தடவ கேட்டிருக்கணும். விட்டுட்டேன்."

இருவரும் அம்பத்தூருக்குப் போய் எம்.எல்.ஏ.விடம் சொன்னோம். அவர் முகம் கறுத்துவிட்டது.

"நான் நல்லதுக்குத்தானம்மா படிச்சேன்?"

"நானும் நல்லதுக்குத்தான் சார் எழுதினேன்."

அவர் உடனே அதிகாரிக்குப் போன் போடுகிறேன் என்றார். மேடம் வேண்டாம் என்று கையசைத்தார். மேலிருந்து சொன்னால் அந்த அம்மாவுக்கு இன்னும் தொல்லைதான் வரும் என்றார். பதிலாகக் கல்வி அலுவலகத்துக்குத் தானே கடிதம் எழுதினார். ஆசிரியை யாரைப் பற்றியும் புகார் சொல்லவில்லை, ஆய்வுக்காகப் பேசியதை அவர் அனுமதி இல்லாமல் வெளியிட்டது எங்கள் துறையின் தவறு, பொறுப்பு முழுவதும் எங்களுடையது. அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். அலுவலகத்து வராந்தாவில் இரண்டு நாள் காத்திருந்து நேரில் கொடுத்தோம். எம்.எல்.ஏ. அந்த மாணவியின் வீட்டுக்கு நடந்தே போய் அவள் அம்மாவிடம் பேசிவிட்டு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்ன பேசினார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மெமோ மேல்நடவடிக்கை இல்லாமல் முடிந்தது. ஆனால் ஜூனில் பள்ளி திறந்தபோது டீச்சரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். தெரியாது என்று சொன்னவரை எப்படி மறுபடி நிறுத்துவது? அவர் இடத்துக்கும் ஆள் வரவில்லை. அந்த வருஷம் முழுக்க எட்டாம் வகுப்புப் பெண்கள் கணக்கு பீரியடில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏரிக்கு மேலே அந்த வகுப்பின் ஜன்னல் தெரியும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். வேலையை விட்டுவிடலாம் என்று பல காலைகளில் நினைத்தேன். சங்கு ஊதும், சைக்கிள்கள் போகும், நானும் கிளம்பிவிடுவேன்.

அடுத்த மழைக்காலம் முடியும்போது தலைமைச் செயலகத்திலிருந்து தகவல் வந்தது. மே மாதத்தில் ஒரு பயிற்சி. எங்கள் பகுதியில் மட்டும், சோதனை முயற்சியாக. யார் யார் வரலாம் என்பதற்கு வரைவு அனுப்பியிருந்தார்கள். 'கணிதம், அறிவியல் பாடங்களில் பட்டம் பெற்ற ஆசிரியர்கள்' என்று இருந்தது.

"தெரிஞ்சவங்களுக்கே மறுபடி சொல்லித்தரச் சொல்றாங்க" என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டம் இருக்கிறதோ இல்லையோ, 'அப்பாடங்களை நடத்திவரும் ஆசிரியர்கள்' என்று மாற்றி எழுதி, என்னிடம் தட்டெழுதக் கொடுத்தார்.

பாதி தட்டியபோது என் விரல்கள் நின்றன. நடத்திவரும். தையல் டீச்சர் இப்போது நடத்திவரவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாருமில்லை. 'நடத்திவரும் அல்லது நடத்திய' என்று தட்டினேன். தாளை உருவி மேடத்திடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை மறைக்கவில்லை.

"ரெண்டு வார்த்தை சேத்திருக்கேன் மேடம். சேக்கலாமா?"

படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளை எம்.எல்.ஏ.வே கோட்டைக்கு எடுத்துப் போனார். அங்கே ஓர் அதிகாரி அந்த இரண்டு சொற்களும் தேவையற்றவை என்று அடிக்கப் போனாராம். "அத அடிக்கறதுன்னா மொத்தத்தயும் அடிச்சிடு சார். நான் அதுக்குத்தான வந்துகீறேன்" என்று நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்ததாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சொற்கள் தங்கின.

விண்ணப்பத்தை நானே கோவில்பதாகைக்குக் கொண்டுபோனேன். டீச்சர் வாசலில் நின்றபடி வாங்கிக்கொண்டார். 'நடத்திய' என்றிருந்த வரியைப் படித்ததும் கண் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் திரும்பிவிட்டேன்.

மே மாதம். ஆவடியில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் இரண்டு அறைகள் கொடுத்தார்கள். நாற்பது ஆசிரியர்கள். தமிழ்ப் பண்டிதர், உடற்பயிற்சி ஆசிரியர், வரலாறு, ஓவியம் என்று எல்லோரும் இருந்தார்கள். முதல் நாள் டீச்சர் வரவில்லை. இரண்டாம் நாள் பத்து மணிக்கு வந்தார், ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அனல் காற்று அடித்தது. மின்விசிறிகள் போவதும் வருவதுமாக இருந்தன. மேடத்தின் குரல் வழக்கம்போல மூன்றாவது பெஞ்சோடு நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்தார்கள். கடைசியில் நாற்பது பேரும் அவரைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலில் வெளுத்துப்போன அந்த மதியங்களை நினைத்தால், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல எல்லோர் முகமும் மெல்ல அசைகிறது.

ஒரு வியாழக்கிழமை மேடம் கரும்பலகையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வரைந்தார்.

"இந்தத் தொட்டி ஒழுகுது. மணிக்கு மூணு குடம் போகுது. போறதால மைனஸ் மூணுன்னு போடுவோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு எவ்வளவு கொறஞ்சிருக்கும்?"

"ஆறு குடம்."

"சரி. இனிமே வரப்போற நேரம் ப்ளஸ். போன நேரம் மைனஸ். ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால, அதாவது மைனஸ் ரெண்டு, தொட்டியில இப்ப இருக்கறதவிட எவ்வளவு இருந்திருக்கும்?"

தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று பழகிய ஊர். பதில் சொல்லப் பலருக்கு நேரமாகவில்லை. "ஆறு குடம் அதிகமா இருந்திருக்கும்" என்றார்கள்.

"அதிகம்னா?"

"ப்ளஸ் ஆறு."

மேடம் மைனஸ் மூன்று, பெருக்கல், மைனஸ் இரண்டு, சமம், ப்ளஸ் ஆறு என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

பின்னாலிருந்து டீச்சர் எழுந்து நின்றார். நான் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"இவ்ளோதானா?" என்றார். "இவ்ளோதானா இது? இத மூணு வருஷமா எவரும் எனக்குச் சொல்லலியே. இதுக்கா நான் அந்தப் பொண்ண அடிச்சேன்?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, கடைசி பெஞ்சுக்குப் போகாமல், மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்தார். "மேல சொல்லுங்க மேடம்" என்றார்.

அந்த மாதக் கடைசியில், எல்லோரும் கிளம்பும் நேரம், அவரே என்னிடம் வந்தார்.

"உங்க மேல கோவம் போகலங்க. போகும்னும் தோணல" என்றார், நிதானமாக. "ஆனா ஜூன்ல எட்டாவது கணக்க எனக்கே குடுங்கன்னு ஹெச்.எம். அம்மாகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்."

கொடுத்தார்கள். முதல் நாளே, பத்தாம் வகுப்புக்குப் போயிருந்த அந்தப் பெண்ணை வரவழைத்து, வகுப்பு முன்னால் தொட்டியை வரைந்து அவள் கேள்விக்குப் பதில் சொன்னாராம். இதை அந்தப் பள்ளித் தலைமையாசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டீச்சர் என்னிடம் சொல்லவில்லை.

பயிற்சி தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஒவ்வொரு கோடையிலும் நடந்தது. தையல் டீச்சர் தானும் வந்தார், பக்கத்துப் பள்ளிகளிலிருந்து இரண்டு மூன்று பேரையும் விண்ணப்பத்தோடு கூட்டி வந்தார். பிறகு தேர்தல் வந்தது. எங்கள் எம்.எல்.ஏ. தோற்றார். அடுத்த வருஷம் கோடைக்கு நிதி இல்லை, பயிற்சி நிறுத்தப்படுகிறது என்று ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. ஆசிரியர்கள் எல்லோருக்கும் தகவல் அனுப்பினோம்.

சிலருக்குப் போய்ச் சேரவில்லை. மே மாத முதல் திங்கட்கிழமை, மிச்சமிருந்த சாமான்களை எடுத்துவர நானும் மேடமும் ஆவடிப் பள்ளிக்குப் போனபோது, பூட்டிய அறைக்கு வெளியே பதினோரு பேர் நோட்டும் டிபன் டப்பாவுமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஊத்துக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மேடம் அவர்களிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. வேப்ப மரத்தடியில் நிழல் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தார், அவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எதுல சந்தேகம்? கேளுங்க" என்றார்.

மாலை நாலு மணி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.